முதலில் பைண்டிங் கடைக்குப் போங்கள்

பாளையங்கோட்டையில் கல்லூரிகள் வரிசையாக நிற்கும் சாலை ஒன்றில், ஜூஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் அந்தக் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், பைண்டிங், புராஜெக்ட் ஒர்க் என்று பலகையில் எழுதியிருக்கும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய ஜெராக்ஸ் மிஷின், பின்னால் மறைப்பு கட்டிய இடத்தில் பசை வாசனை. என் எம்.எட். ஆய்வேடு பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். கடையின் பெயரைப் போடவில்லை. கடைக்காரரிடம் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "பேரு மட்டும் போட்டுராதிய டீச்சர். எல்லாவனும் ரெடிமேடு கேட்டு வந்து நிப்பான்" என்றார். அந்த வட்டாரத்தில் படித்தவர்களுக்கு எந்தக் கடை என்று தெரிந்துவிடும். தெரியாதவர்கள் உங்கள் ஊரில் இதே மாதிரி ஒரு கடையைத் தேடிக்கொள்ளலாம். பல்கலைக்கழகமோ கல்வியியல் கல்லூரியோ இருக்கிற ஊரில் இல்லாமல் போகாது.

தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்றில் எட்டு வருடம் கணக்கு எடுத்துவிட்டு, வேலையை விட்டு எம்.எட். சேர்ந்தவள் நான். முதலாம் ஆண்டு முடியும் தறுவாயில் மகளின் ஆதார் நகல் எடுக்கத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: "எம்.எட்.டா? தலைப்பு வச்சாச்சா? எத்தன பக்கம் கணக்கு வச்சிருக்கிய?"

தலைப்பே முடிவாகாத நேரத்தில் பக்கக் கணக்கைக் கேட்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. மேல் தட்டில் இருந்த பழைய ஆய்வேடுகளில் நாலைந்தை எடுத்து மேசையில் படுக்கப் போட்டார். ஆட்கள் வாங்காமல் விட்டுப்போன பிரதிகள். பக்கவாட்டில் விரலை வைத்து, "இது ரெண்டாம் அத்தியாயம். இது நாலு. இந்தா இத்துனூண்டு இருக்கே, இது அஞ்சு. எல்லாத்துலயும் ரெண்டு குண்டு, அஞ்சு ஒல்லி. அடுத்தவன் சொன்னத அறுபது பக்கம் எழுதுதாவ, தான் கண்டத ஆறு பக்கத்துல முடிச்சிருதாவ" என்றார். ஆராய்ச்சி முறையியல் பாடத்தில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதற்கு முன்பு நான் ஷோத்கங்காவில்தான் மூழ்கிக் கிடந்தேன். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் தளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அருமையான இடம், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இருப்பது முனைவர் பட்ட ஆய்வுகள். நான்கைந்து வருட உழைப்பைப் பார்த்துவிட்டு ஒன்றரை வருட வேலையைத் திட்டமிட்டால் கல்யாணச் சமையல்காரரிடம் கேட்டு வீட்டு ரசத்துக்குப் புளி கரைத்த கதைதான். என் முதல் திட்ட வரைவில் மாறிகள், அதாவது அளந்து பார்க்க வேண்டிய விஷயங்கள், மட்டும் ஏழு இருந்தன. என் கைடு மேடம் அதில் ஐந்தை அடித்துவிட்டார். மிஞ்சியது கணிதப் பதற்றமும் கணித அடைவும் (கணக்கில் எட்டுகிற தேர்ச்சி), ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம். எட்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்று நான் பார்த்ததும் அதுதான்: வீட்டுப்பாடத்தில் சரியாகப் போடுகிற பிள்ளை பரீட்சைத் தாளைக் கண்டதும் கை நடுங்கும்.

சரி, கடைக்கு வருகிறேன். இந்தக் கடையில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது ஒரு துண்டுக் காகிதம். அதற்குக் காசு கூட வாங்கவில்லை. அண்ணாச்சி கேலண்டரை எடுத்துவைத்து ஏப்ரலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஏப்ரல் 20 வாக்கில் சமர்ப்பிக்க வேண்டும் என்று வையுங்கள். கெட்டி அட்டை பைண்டிங்குக்கு மூன்று நாள், அந்த நேரத்துக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள். ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, ஆள் வர மாட்டார்கள். ஆக 10-ஆம் தேதிக்குள் கடைசி பிரிண்ட். அதற்கு முன் கைடு முழுதும் ஒரு தடவை படிக்க இரண்டு வாரம். அவர்களுக்கும் விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கும். டைப்பிங் மார்ச் நடுவில் முடிய வேண்டும். மார்ச்சில் எந்தப் பள்ளியும் உங்களை உள்ளே விடாது, பொதுத்தேர்வு. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு. ஜனவரியில் பொங்கல். டிசம்பரில் அரையாண்டு. செப்டம்பரில் காலாண்டு, அப்புறம் அதற்கு விடுமுறை.

"அப்போ நான் என்னைக்கு அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்குப் போறது?"

"தீவாளி முடிஞ்சு ஒரு மூணு வாரம். அத விட்டா பொங்கல் முடிஞ்சு ஒரு ரெண்டு வாரம். அவ்வளவுதான் உங்க ஆராய்ச்சி."

தனியார் பள்ளிகளின் மாதத் தேர்வு வினாத்தாள்களை அச்சடித்துக் கொடுப்பவர் என்பதால் பள்ளிக்கூடத்து நாட்காட்டி அவருக்கு மனப்பாடம். டிசம்பரை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பொங்கியபோது கடைக்குள் தண்ணீர் வந்து, கீழ்த்தட்டில் இருந்த காகிதக் கட்டெல்லாம் ஊறி உப்பிப் போயிற்றாம். இன்றைக்கும் அந்தக் கடையில் கீழ்த்தட்டு காலியாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். ஆசிரியர் படிப்புகளுக்கு விதி வகுக்கும் என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகள் வந்த பிறகு எம்.எட். இரண்டு வருடப் படிப்பு ஆயிற்று அல்லவா, அதற்கு முன் ஒரு வருடம்தான். "அப்பவும் ஏப்ரல்ல மூச்சு வாங்க ஓடி வருவாவ. ரெண்டு வருசம் ஆன பொறவும் ஏப்ரல்லதான் ஓடி வாராவ."

கேள்வித்தாள் அச்சடித்த கதை தனி. என் கருவியில் (ஆய்வுக் கேள்வித்தாளை அப்படித்தான் சொல்வோம்) 36 கூற்றுகள், 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து பதிலில் ஒன்றைக் குறிக்கும் லைக்கர்ட் அளவுகோல், முதல் பக்கத்தில் தன்விவரம். ஏ4 தாளில் அடித்து ஸ்டேப்ளர் போடலாம் என்றிருந்தேன். அண்ணாச்சி ஏ3 தாளில் இரண்டு பக்கமும் அடித்து நடுவில் மடித்துவிடச் சொன்னார்: நாலு பக்கப் புத்தகம் மாதிரி, பின் தேவையில்லை, ஒரு தாள் தொலைந்தது என்ற பேச்சே இல்லை. ஒவ்வொன்றிலும் மேல் மூலையில் எண் மிஷினில் வரிசை எண்ணும் குத்திக் கொடுத்தார். இதை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள், தங்கமான யோசனை. ஒரே ஒரு ஓட்டை. நாலாவது பக்கம் வெளிப்புறம் வருவதால் திருப்பிப் பார்க்காத பிள்ளைகள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். முன்னோட்டமாக நாற்பது பேருக்குக் கொடுத்தபோதே சிலர் விட்டிருந்தார்கள். அவசரத்தில் விட்டிருப்பார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அசல் ஆய்வில் 320 கொடுத்து 16 தாள் அதனாலேயே வீணாயிற்று. மூன்றாம் பக்கத்தின் அடியில் 'பின்பக்கமும் உண்டு' என்று இரண்டு வார்த்தை போட்டிருந்தால் போதும்.

நல்ல வேளையாக 320 என்று கூட்டியே வைத்திருந்தேன். ஆய்வுக்கு எடுத்த ஆறு பள்ளிகளிலும் சேர்த்து ஒன்பதாம் வகுப்பில் ஏறக்குறைய 1,300 பிள்ளைகள். எல்லா எம்.எட். மாணவர்களும் கையில் வைத்திருக்கும் கிரெஜ்சி-மார்கன் அட்டவணை, 1970-இல் வந்தது, 1,300 பேருக்கு 297 பேர் கொண்ட மாதிரி போதும் என்கிறது. 16 போனாலும் 304 மிஞ்சியது. 300 தாள் மட்டும் அடித்திருந்தால் பொங்கலுக்குப் பிறகு மறுபடி பள்ளி வாசலில் நின்றிருப்பேன். அரசுப் பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வேண்டும் என்பதும் திட்டத்தில் இருக்கட்டும். அதற்கென்று மூன்று வாரம் ஒதுக்கியிருந்தேன், சரியாக இருந்தது.

டைப்பிங்குக்கு ஒரு அக்கா இருக்கிறார். தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவர். திரையைப் பார்க்காமல், என் கையெழுத்தை மட்டும் பார்த்து அடிப்பார். பக்கத்துக்கு 25 ரூபாய். இந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய ஆள் இவர். நாலாம் அத்தியாயம் அடித்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்து, "டீச்சர், மூணாம் அத்தியாயத்துல 304 பிள்ளைங்கன்னு அடிச்சேன். இங்க பையங்க 148, பொம்பளப் பிள்ளைங்க 152ன்னு இருக்கு. கூட்டினா 300தான வருது?" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. வீட்டுக்குப் போய்த் தாள்களைப் பிரித்துப் பார்த்தால், நான்கு பிள்ளைகள் ஆண், பெண் என்ற கட்டத்தை நிரப்பவே இல்லை. அட்டவணைக்குக் கீழே அதை ஒரு வரியில் எழுதிவிட்டால் தீர்ந்தது. எழுதாமல் போயிருந்தால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும். எண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே மரத்துப் போயிருந்தது, அக்கா கூட்டிப் பார்த்துவிட்டார்.

ஆனால் அக்காவிடம் ஒரு விஷயத்தை முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும்: எழுத்துரு. அவருக்குக் கை பழகியது வானவில் என்ற பழைய எழுத்துரு. நான் வீட்டில் செல்போனிலும் மடிக்கணினியிலும் அடித்ததெல்லாம் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு. இரண்டையும் ஒரே கோப்பில் ஒட்டியபோது என் பக்கங்கள் தமிழாகவும் அவருடைய பக்கங்கள் சாமியாடி பேசுகிற மாதிரி ஆங்கில எழுத்தும் குறியீடுமாகவும் வந்தன. மாற்றியில் போட்டு மாற்றினோம். மாற்றியதில் சில இடங்களில் கொம்பு இடம் மாறி நின்றது, அதைத் திருத்தவே இரண்டு சாயங்காலம் போயிற்று. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பழைய எழுத்துருவில் கைபழகியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதே விசைப்பலகையில் யூனிகோடு அடிக்கவும் வழி இருக்கிறது. முதல் பக்கம் அடிப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கசப்பான பகுதி. தரவுப் பகுப்பாய்வு.

இது கடையின் நேரடி வேலை இல்லை. அண்ணாச்சிக்குத் தெரிந்த தம்பி ஒருவர் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் கணக்குப் போட்டுக் கொடுப்பார், கடை வழியாகக் காசு போகும். 3,000 ரூபாய். கணக்கு டீச்சராகிய நான் ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். மகளுக்குக் காய்ச்சல், பிப்ரவரி பாதி போய்விட்டது, வகுப்பில் எல்லோரும் கொடுத்தார்கள். நான்காம் நாள் 22 அட்டவணைகள் வந்தன. பார்க்க லட்சணமாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழேயும் விளக்கம் வேறு எழுதியிருந்தது. ஒன்பதாவது அட்டவணைக்குக் கீழே, "எனவே ஆண், பெண் ஆசிரியர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று இருந்தது. என் ஆய்வில் ஆசிரியர்களே கிடையாது.

அதைக்கூட அழித்து எழுதிவிடலாம். பெரிய கோளாறு உள்ளே இருந்தது. க்ரான்பாக் ஆல்ஃபா, அதாவது கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் நம்பகத்தன்மை எண், 0.41. குறைந்தது 0.70 எதிர்பார்ப்பார்கள். என் கருவியே உதவாக்கரையோ என்று அன்றிரவு தூங்கவில்லை. முன்னோட்டத்தில் கையால் போட்டுப் பார்த்தபோது நன்றாக வந்ததே என்ற நினைப்பு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. விடிகாலையில்தான் பொறி தட்டியது. என் 36 கூற்றுகளில் 11 எதிர்மறைத் திசையில் எழுதியவை. 'கணக்குப் பரீட்சை என்றால் வயிற்றைக் கலக்கும்' என்பதற்கு 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்' என்றால் 5 மதிப்பெண். 'கணக்கு வகுப்பில் நிம்மதியாக இருப்பேன்' என்பதற்கும் அதே பதில் வந்தால் 1-தான் போட வேண்டும், திருப்பிப் போட வேண்டும். தம்பி எல்லாவற்றுக்கும் 5 போட்டிருக்கிறார். பதற்றமே இல்லாத பிள்ளையும் பதறுகிற பிள்ளையும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றுவிட்டார்கள்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. எந்தக் கூற்று எந்தத் திசை என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. என் கருவியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான், வேலையை நான் இன்னொருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாஸ்ப் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டேன். நம்பகத்தன்மை பார்க்கும் இடத்தில், திருப்பிப் போட வேண்டிய கூற்றுகளைத் தேர்ந்தெடுத்துத் தள்ளுவதற்கே ஒரு பெட்டி இருக்கிறது. 11 கூற்றுகளையும் தள்ளினேன். 0.41 கண் முன்னாலேயே 0.83 ஆயிற்று. மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன். டி சோதனை, ஒட்டுறவுக் கெழு என்று மிச்சக் கணக்கு எல்லாவற்றையும் மூன்று ராத்திரியில் நானே போட்டு முடித்தேன். 3,000 ரூபாய் திரும்ப வரவில்லை. அண்ணாச்சி சங்கடப்பட்டு அடுத்த வாரம் ஜெராக்ஸ் கணக்கில் கொஞ்சம் தள்ளினார், அவ்வளவுதான்.

இன்னொரு குறையும் இருக்கிறது. கடையின் கம்ப்யூட்டர் முகப்புத் திரை திறந்த வீடு. யார் யாருடைய கோப்பெல்லாமோ அதில் கிடக்கும். என் தரவுக் கோப்பும் ஒரு மாதம் அங்கே கிடந்தது. அதில் பிள்ளைகளின் பெயர் இல்லை, வரிசை எண் மட்டும்தான். அதுவும் அந்த எண் மிஷின் புண்ணியத்தில். பெயர், பள்ளி, மதிப்பெண் எல்லாம் சேர்த்து ஒரு தோழி கொடுத்த கோப்பு பக்கத்திலேயே இருந்தது. பார்த்ததும் அவளுக்குப் போன் போட்டு அழிக்கச் சொன்னேன். பென் டிரைவில் கொண்டுபோய், வேலை முடிந்ததும் கூடவே நின்று அழித்துவிட்டு வாருங்கள்.

ரெடிமேடு புராஜெக்ட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அண்ணாச்சி பழைய பிரதிகளைப் பார்க்கக் கொடுப்பார், கோப்பாகத் தர மாட்டார். முன்பு செய்ததுண்டு, இப்போது நிறுத்திவிட்டேன் என்று அவரே சொன்னார். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி முதுநிலை ஆய்வேட்டுக்கும் ஒப்புமைக் கணக்கு, அதாவது அடுத்தவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு, உண்டு. 10 சதவீதம் வரை பிரச்சினையில்லை. 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அந்த அச்சடித்த தாளைக் கல்லாவுக்குப் பின்னால் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார். யாராவது வந்து கேட்டால் பேசாமல் அதைக் காட்டுவார்.

பைண்டிங்குக்கு முழு மதிப்பெண். கருநீல ரெக்சின், தங்க எழுத்து, பிரதி 250 ரூபாய். மேசையில் விரித்தால் தானாக மூடிக்கொள்ளாது, தாள் பிரியாது. நூல் போட்டுத் தைத்துவிட்டுத்தான் பசை போடுகிறார்கள். இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விட்டு டைப் செய்யச் சொன்னதன் அருமை அப்போதுதான் தெரிந்தது; ஒரு அங்குலம் மட்டும் விட்ட தோழியின் ஆய்வேட்டில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மொத்தச் செலவு: டைப்பிங் 96 பக்கம் 2,400. கேள்வித்தாள் 320-க்கு 1,600. பகுப்பாய்வு என்ற பெயரில் போன 3,000. 138 பக்கம் நான்கு பிரதி பிரிண்ட் 1,104. பைண்டிங் 1,000. ஆக 9,104. நான்கு ரூபாயைத் தள்ளிவிட்டார். பகுப்பாய்வை நானே செய்திருந்தால் 6,100-இல் முடிந்திருக்கும்.

கடை காலை ஒன்பதரைக்குத் திறக்கும், மத்தியானம் ஒன்றரை முதல் மூன்று வரை சாப்பாட்டுக்கு அடைத்துவிடுவார்கள். ஞாயிறு அரை நாள். ஏப்ரலில் டோக்கன் மாதிரி வரிசை நோட்டு போட்டிருப்பார், அந்த மாதம் அவரிடம் யோசனை கேட்டால் காது கேட்காது. ஜூன், ஜூலையில் போங்கள். உட்கார ஸ்டூல் போடுவார், பக்கத்துக் கடையிலிருந்து டீயும் வரும்.

ஆமாம், அட்டையில் ஒரு கூத்து நடந்தது. முதல் அட்டை தயார் என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அதில் தங்க எழுத்தில் 'ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணினிப் பதற்றமும்' என்று மின்னுகிறது. எழுத்துக் கோத்த பையனுக்குக் கணினி பழகிய வார்த்தை போல. மற்ற மூன்றையும் அடிப்பதற்குள் பிடித்துவிட்டோம். காசு கேட்காமல் மாற்றிக் கொடுத்தார், ஒரு நாள் தாமதம். போன வாரம் மகளின் பள்ளிச் சான்றிதழை லேமினேஷன் போடப் போனேன். அண்ணாச்சி கடன் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். கருநீல அட்டை, தங்க எழுத்து. என் பதற்றத்துக்குக் கீழேதான் ஊர்க்காரர்களின் பாக்கியெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.